கேரன் கார்பென்டரின் தாழ்ந்த குரல்

ஆசிரியருக்கு, வணக்கம்.

எழுபதுகளின் அமெரிக்க மென் ராக் இசையை வெறும் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கும் பழக்கம் விமர்சகர்களிடம் அன்றும் இருந்தது. இன்றும் முற்றிலும் மறையவில்லை. 1970இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘கார்பென்டர்ஸ்’ என்ற அண்ணன் தங்கை இசைக்குழுவின் பாடல்களை இப்போது ஹெட்ஃபோனில் கேட்கும்போது, அந்த இனிமைக்குப் பின்னால் இருந்த உழைப்பே எனக்கு முதலில் புலப்படுகிறது. தங்கள் குரல்களையே பலமுறை பதிவுசெய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இருவரே ஒரு பாடகர் குழுவாக ஒலித்தார்கள். தங்கை கேரன் டிரம்ஸ் கலைஞராகத் தொடங்கியவர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். தாளம் உள்ளே ஓடியதால்தானோ என்னவோ, அவருடைய தாழ்ந்த சுருதிக் குரல் ஒவ்வொரு சொல்லையும் அவசரமின்றி, ஆனால் பிசகாமல் அதனதன் இடத்தில் வைக்கிறது. 1972இல் ‘குட்பை டு லவ்’ பாடலில் முரட்டு எலெக்ட்ரிக் கிடார் இசையைச் சேர்த்ததற்காக ரசிகர்கள் சிலர் கோபக் கடிதங்கள் எழுதினார்கள். (நான் அந்தப் பகுதிக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.) 1983இல், உணவை மறுக்கும் நோயின் விளைவாக, 32 வயதில் கேரன் இறந்தார். நம் வானொலிகள் இப்பாடல்களை நிகழ்ச்சிகளின் இடைவெளியை நிரப்ப மட்டும் பயன்படுத்தாமல், மாதம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கி முழுமையாக ஒலிபரப்பலாம்.

– ஒரு வாசகர்