சுங்க மேசையில் நட்பு செல்லுபடியாகாது: வணிக ஒப்பந்தம் பேசும் இரு நேச நாட்டுக் குழுக்களுக்குத் திறந்த மடல்

பேச்சுவார்த்தை மேசையின் இரு பக்கமும் அமர்ந்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நேச நாடுகள் இரண்டு தடையற்ற வணிக ஒப்பந்தம் பேசத் தொடங்கினால், முதல் நாள் அறிக்கை முழுக்க நட்புதான் இருக்கும். பாதுகாப்பு உடன்படிக்கை, கூட்டுப் பயிற்சி, பல காலத்து உறவு என்று அடுக்குவார்கள். நான் பதினெட்டு ஆண்டுகளாக ஏற்றுமதி ஆவண வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் மூலச் சான்றிதழ் இவைதான் என் உலகம். நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் முன்னுரையை நான் படிப்பதில்லை. பின்னிணைப்பைத் தினமும் புரட்டுகிறேன். அங்கிருந்து உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நட்புதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது தரை டைல்ஸ்.

ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் ஓர் எண் கொடுக்கும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். எண் பட்டியல் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். 2012, 2017, 2022 என்று அது வந்துகொண்டே இருக்கிறது. 2017 திருத்தத்துக்கு முன்பு, மெருகிட்ட பீங்கான் டைல்ஸுக்கு 6908 என்று தனித் தலைப்பு இருந்தது. திருத்தத்தில் அதை நீக்கி, மெருகிட்டது, மெருகிடாதது எல்லாவற்றையும் 6907-இல் சேர்த்துவிட்டார்கள். ஆனால் நான் கையாண்ட ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு பழைய பட்டியலின்படி எழுதப்பட்டது. அதில் 6908 அப்படியே நின்றது.

சிறு தொழிற்சாலை ஒன்றின் சரக்கு அது. ஒப்பந்தத்தில் உள்ளபடி சான்றிதழில் 6908 என்று போட்டோம். அந்தப் பக்கத்து இறக்குமதியாளர் தன் நாட்டுக் கணினியில் 6907 என்று பதிந்தார், அங்கே 6908 என்ற எண்ணே இல்லை. சுங்க அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒத்துப்போகவில்லை, ஒப்பந்தத்தின் வரிச் சலுகை கிடையாது என்றார். கன்டெய்னர் பதினோரு நாள் துறைமுகத்தில் கிடந்தது. டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் இறக்குமதியாளர் முழு வரியும் கட்டிச் சரக்கை எடுத்துப் போனார். அடுத்த ஆர்டர் எங்களுக்கு வரவில்லை.

அந்த அதிகாரி மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவர் கையில் இருந்தவை இரண்டு காகிதங்கள், இரண்டிலும் வெவ்வேறு எண்கள். எண் மாறினால் எந்த எண்ணை எதற்கு ஈடாகக் கொள்வது என்று ஒப்பந்தம் ஒரு வரி சொல்லியிருந்தால், அவர் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார். அந்த இரண்டு நாடுகளும் நெருங்கிய நேச நாடுகள்தான். அந்தப் பதினோரு நாளும் அந்த நட்பு யாருக்கும் உதவவில்லை.

அடுத்த எச்.எஸ். திருத்தம் 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. நீங்கள் இப்போது கையெழுத்திட்டால், ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் அது வந்து நிற்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் அட்டவணையை இரு சுங்கத் துறைகளும் ஒரே நாளில் வெளியிட வேண்டும், அதுவரை இரண்டு எண்களும் செல்லும் என்று எழுதுங்கள். சான்றிதழில் சின்ன எழுத்துப் பிழை இருந்தால் அதற்காகச் சலுகையை மறுக்கக் கூடாது என்றும் சேருங்கள்.

உற்பத்தி மூல விதிகளும் இப்படித்தான். வரி பூச்சியம் என்று செய்தி வந்ததும் உள்ளூரில் சட்டை தைக்கும் ஆள் சந்தோஷப்படுகிறார். பின்னிணைப்பைத் திறந்தால், நூல் நூற்பதிலிருந்தே வேலை இந்த இரண்டு நாடுகளுக்குள் நடந்திருக்க வேண்டும் என்று இருக்கும். அமெரிக்கா செய்துகொண்ட பல ஒப்பந்தங்களில் ஆடைக்கு இந்த விதி உண்டு. துணியை மூன்றாம் நாட்டிலிருந்து வாங்கி, இங்கே வெட்டி, இங்கே தைத்து, இங்கே இஸ்திரி போட்டாலும் அந்தச் சட்டைக்குச் சலுகை இல்லை. இந்த விதியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாம் நாட்டுச் சரக்கு பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நுழையாமல் இருக்க ஏதோ ஒரு வேலி வேண்டும். ஆனால் அந்த வேலியை எந்த உயரத்தில் போடுகிறீர்கள், அதனால் யார் உள்ளே வருவார், யார் வெளியே நிற்பார் என்பதைத் தைப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சலுகை இல்லாமல் கட்டும் பொது வரியே மூன்று விழுக்காடாக இருக்கும் பொருளுக்கு, மூலச் சான்றுக்காக ஐந்தாண்டுக் கணக்குப் புத்தகத்தைக் கட்டிவைக்கச் சொன்னால், சிறு ஏற்றுமதியாளர் பேசாமல் வரியைக் கட்டிவிட்டுப் போவார். சலுகை இருக்கும், எடுத்துக்கொள்ள ஆள் இருக்காது.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஜூனில் அமெரிக்கா கனடாவின் உருக்குக்கு 25 விழுக்காடும் அலுமினியத்துக்கு 10 விழுக்காடும் வரி போட்டது. சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. இருவரும் நேட்டோவில் ஒன்றாக இருப்பவர்கள், 1989 முதல் தடையற்ற வணிகம் செய்பவர்கள். அந்த வரி நீங்க 2019 மே ஆயிற்று. 2025 மார்ச்சில் உருக்குக்கு அதே காரணத்தோடு வரி மறுபடி வந்தது. பாதுகாப்பு விதிவிலக்கு எந்த ஒப்பந்தத்திலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அது எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. நேச நாட்டின் மீது அதைப் பிரயோகிக்கும் முன் எத்தனை நாள் அறிவிப்பு, எந்த மேசையில் பேச்சு, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஈடு? இதை இப்போதே, உறவு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள். மனம் கசந்த பிறகு யாரும் இதை எழுத மாட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லவும் தயங்காதீர்கள். தென்கொரியா அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தில் அரிசியைத் தொடவில்லை. 2005-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய–அமெரிக்க ஒப்பந்தத்தில் சர்க்கரைக்குப் புதிய சலுகை எதுவும் இல்லை. முதலீட்டாளர் ஓர் அரசை நேரடியாக நடுவர் மன்றத்துக்கு இழுக்கும் வழியையும் அதில் வைக்கவில்லை. பின்னால் ஆஸ்திரேலியா சிகரெட் பெட்டிகளை விளம்பரமில்லாத வெற்றுப் பெட்டிகளாக ஆக்கியபோது, பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் ஆஸ்திரேலியாவுக்கு ஹாங்காங்கோடு இருந்த 1993 முதலீட்டு உடன்படிக்கையைத் தேடிப் பிடித்து வழக்குப் போட வேண்டியிருந்தது. 2015-இல் நடுவர் மன்றம் தனக்கு அதை விசாரிக்க அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டது. விட்டுவிடுவதென்றால் இப்படி யோசித்து விட வேண்டும்.

கடைசியாக மொழியும் அவசரமும். தென்கொரிய–அமெரிக்க ஒப்பந்தம் 2007 ஜூன் 30 அன்று, நாடாளுமன்றம் திருத்தம் செய்யாமல் வாக்களிக்க மட்டும் விடும்படி அமெரிக்க அதிபருக்கு இருந்த விரைவு வணிக அதிகாரம் முடிகிற நாளில், கையெழுத்தானது. அத்தனை அவசரம் காட்டியும் 2010-இல் மறுபடி பேசினார்கள், 2012 மார்ச் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில், 2008 ஏப்ரலில், இரு நாட்டு அதிபர்களும் சந்திக்க இருந்த வேளையில் தென்கொரியாவில் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதிக்கு வழி திறக்கப்பட்டது. பைத்திய மாட்டு நோயைப் பற்றிய அச்சத்தைப் பின்னுக்குத் தள்ளி, நட்புக்காகத் தங்கள் உடல்நலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று மக்களுக்குத் தோன்றியது. சியோல் தெருக்களில் வாரக்கணக்கில் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். தென்கொரிய அதிபர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார், முப்பது மாத வயதுக்கு மேற்பட்ட மாட்டின் இறைச்சிக்குத் தடை போட வேண்டியதாயிற்று. முன்கூட்டியே வரைவைக் காட்டியிருந்தால் தெருவில் கேட்ட கேள்விகளை அறைக்குள்ளேயே கேட்டிருப்பார்கள்.

2011-இல் அதே ஒப்பந்தத்தின் கொரிய மொழிப் பிரதியைச் சரிபார்த்தபோது 296 பிழைகள் கிடைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தின் பிரதியில் 207. ஒப்புதலுக்காக நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவைத் திரும்பப் பெற்று, திருத்தி, மறுபடி தாக்கல் செய்தார்கள். எல்லா மொழிப் பிரதியும் சம மதிப்புள்ளவை என்று ஒப்பந்தம் சொல்லும்போது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையும் சட்டமாகிவிடுகிறது. அதைப் படித்துத்தான் என்னைப் போன்றவர்கள் சான்றிதழ் எழுதுகிறோம்.

ஆகவே கையெழுத்துக்கு முன் அறுபது நாளாவது, எல்லா ஆட்சிமொழிகளிலும், பின்னிணைப்போடு சேர்த்து வரைவை வெளியிடுங்கள். அந்த அறுபது நாளில் ஒருநாள் மதியம், குழுத் தலைவர்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு மாதிரி மூலச் சான்றிதழை உதவியாளர் இல்லாமல் உங்கள் கையாலேயே நிரப்பிப் பாருங்கள். ஒரு சட்டை, ஒரு பெட்டி டைல்ஸ், எதுவானாலும் சரி. எந்தக் கட்டத்தில் பேனா நிற்கிறதோ, அந்தக் கட்டத்துக்கான விதியைத் திரும்ப எழுதிவிட்டு வாருங்கள். காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஏற்றுமதி ஆவணப் பணியாளர் ஒருவர்