மூணு சுழி ‘ண’வை முதலில் பார்

மூணாறு,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளைக்கு,

கடிதமும், உன் புதிய இதழின் முகப்புப் பெயருக்கு நீ அனுப்பிய மூன்று எழுத்து மாதிரிகளும் கிடைத்தன. இங்கே நாலு நாளாக மழை விடவில்லை, துணி காயவில்லை, மற்றபடி சுகம். பாலக்காட்டுப் பக்கம் உங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஆடிக் காற்று கூரை ஓட்டைப் பிய்க்கிறதா? அந்தக் காற்று வரும் வழியையே இதழுக்குப் பெயராக வைக்கப் போகிறாய். ‘கணவாய்’ நல்ல பெயர்தான். ஆனால் டிடிபி போடுகிறவனைச் சோதிக்கிற பெயர்.

நாலே எழுத்து, அதில் ஒன்று மூணு சுழி ‘ண’. உன் முதல் மாதிரியில் எழுத்து மெலிவாக இருக்கிறது என்று சுற்றிலும் ஒரு கோடு ஏற்றிக் கனமாக்கியிருக்கிறாய். A4 முகப்பில் மிடுக்காகத்தான் இருக்கிறது. அதையே சுருக்கி வாட்சப் வட்டத்துக்குள் வைத்துப் பார். வெளியே ஏற்றிய கோடு உள்ளேயும் ஏறியிருப்பதால் சுழிகள் அடைத்துக்கொண்டு, மூணு சுழி ரெண்டு சுழியாகத் தெரியும். கணவாய் கனவாய்ப் போய்விடும்! அச்சிலும் அப்படித்தான். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சிப் பரப்பும், வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அந்த அளவுக்குப் பரவாது. படத்தின் மேல் வெள்ளை எழுத்தாக விட்டால் நிலைமை தலைகீழ்: சுற்றியுள்ள மை எழுத்துக்குள் வந்து கோட்டைத் தின்னும்.

ஆகவே கோடு ஏற்றாதே. கனத்தோடு வரைந்த ஃபாண்டையே எடு. கேட்டமரான் என்ற ஃபாண்டில் 100 முதல் 900 வரை ஒன்பது கனங்கள் இருக்கின்றன. உன் பெயருக்கு 700 போதும் என்பேன், 900 போனால் ‘ண’வுக்கு மூச்சு முட்டும். எந்த ஃபாண்டானாலும் ‘அ’னா ‘ஆ’வன்னா மாதிரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. உன் நாலு எழுத்தை மட்டும் அடித்து, 180, 60, 18 மி.மீ. அகலங்களில் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடு. பிறகு அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸையும் ஒரு ஜெராக்ஸ் எடு. 18 மி.மீ.யில் மூணு சுழியும் எண்ண முடிந்தால் அந்த ஃபாண்ட் தேறியது.

இரண்டாவது மாதிரி, கையெழுத்துச் சாயல். அழகு. ஆனால் ‘வா’வின் காலைப் பார்: அடியில் ஒரு வால் வைத்து முடிகிறது. அது கால் இல்லை, ‘ர’. படிக்கிறவர் ‘கணவரய்’ என்று ஒரு நொடி தடுக்கி விழுவார். கால் அடிக்கோட்டில் வாலில்லாமல் நேராக நிற்க வேண்டும். இடைவெளியையும் கையால் சரிசெய்: வ-வுக்கும் காலுக்கும் நடுவே நெருக்கம், காலுக்கும் ய்-க்கும் நடுவே அதைவிடக் கொஞ்சம் தாராளம். அப்போதுதான் கால் தன் எழுத்தோடு சேர்ந்து நிற்கும்.

ய்-யின் புள்ளி கோட்டின் கனத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். கோடு 6 மி.மீ. என்றால் புள்ளி 7, 7.5. இன்னொன்று, ‘மலர் 1, இதழ் 1’ வரியை வலது மேல் மூலையில் வைத்திருக்கிறாய். புள்ளி எழும்பி நிற்பதும் அதே இடத்தில்தான். வரியை இடப்பக்கம் தள்ளு.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்க அகலத்துக்கு இழுத்து நிரப்பியிருக்கிறாய். நெடுங்கோடுகள் தடித்து, ‘க’வின் மேல்கோடு மட்டும் பழைய கனத்திலேயே நின்றுவிட்டது. புள்ளி முட்டையாகிவிட்டது. அகலம் வேண்டுமென்றால் அனேக் தமிழ் என்ற ஃபாண்டைப் பார். ஒடுக்கமாகவும் விரிவாகவும் தனித்தனியே வரைந்தது, நீ இழுக்க வேண்டியதில்லை.

கீழே மலையாளத்தில் ஒரு வரி வேண்டும் என்கிறாய். அங்கே கடைக்குக் கடை இரண்டு எழுத்தும் தொங்குகிற ஊர், நியாயம்தான். அனேக்கில் மலையாளமும் உண்டு, ஒரே கை வரைந்ததுபோல் இணங்கும். பலூ என்ற ஃபாண்டில் தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! ஆனால் அது கொழுகொழுவென்று இருக்கும், சிறுவர் இதழுக்குத்தான் சரி. மீரா இனிமை என்ற தமிழ் ஃபாண்ட், சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுக்காரர்கள் தங்கள் மலையாள ஃபாண்டான மீராவை ஒட்டிச் செய்தது. உள்ளே கட்டுரைகளுக்கு வைத்துக்கொள். ஒரே கனம்தான் என்பதால் முகப்புக்குத் தாங்காது. இரண்டு மொழிக்கும் ஒரே பாயிண்ட் போட்டுவிட்டு விடாதே, கண்ணால் பார்த்து உயரத்தைச் சமன் செய்.

நான் பெயர் சொன்னவை எல்லாம் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் கிடைப்பவை. லோகோவில் பயன்படுத்தலாம், வெட்டித் திருத்தலாம், காசு இல்லை.

முடிந்ததும் எழுத்தை, ஃபாண்ட் இல்லாத கணினியிலும் மாறாத வடிவமாக்கித்தான் அச்சகத்துக்குக் கொடு. கோரல்டிராவில் கன்ட்ரோல்-க்யூ, இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’. மாற்றுவதற்கு முன் எழுத்தாகவே ஒரு பிரதி சேமித்து வை. பழைய கோரலில் ‘கணவாய்’ தப்பிவிடும், ஆனால் துணைத்தலைப்பில் ‘கொ’, ‘கே’ வந்தால் கொம்பு இடம் மாறி உடையும். கறுப்பு என்றால் தனிக் கறுப்பு மை 100 சதவீதம் மட்டும். நாலு வண்ணம் கலந்த கறுப்பில் பிளேட் இம்மி நகர்ந்தாலும் சுழிக்குள் நிறம் கசியும்.

இத்தனைக்கும் முன்னால், தலைப்புக்கு ஒப்புதல் வாங்கிவிட்டாயா? 2024 மார்ச் 1 முதல் இதழ்ப் பதிவுக்குப் புதிய சட்டம், விண்ணப்பம் அரசின் பிரஸ் சேவா இணையதளத்தில். ‘கணவாய்’ வேறு யாரிடமாவது இருந்தால் வேறு பெயர், வேறு எழுத்துகள், சோதனையும் முதலிலிருந்து.

திருத்தியதை அனுப்பும்போது அந்த 18 மி.மீ. ஜெராக்ஸையும் கத்தரித்துக் கவரில் வை. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளை