டெட்வுட்டில் இருக்கும் மகனுக்கு

நெப்ராஸ்கா,
1876 அக்டோபர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். கோடை போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகமாக இருக்கும், தெரியும்.

ஹோட்டலில் கூட்டம் குறையவில்லை. நம் நெப்ராஸ்காவின் மேற்கே ஸிட்னி வரை ரயிலில் போய், அங்கிருந்து உன் டெட்வுட் மலைக்குத் தங்கம் தேடப் போகும் பைத்தியங்கள் வழியில் இங்கே இறங்கி ஒரு ராத்திரி தங்குகிறார்கள். கட்டில் போதாமல் முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே படுக்கையில் படுக்கவைக்கிறேன். பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுங்கள் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் இடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் தடவுவது இப்போது தங்கச்சி வேலை. உன்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாள்.

போகும்போது காசை எண்ணி வைக்கிறவர்கள், திரும்பும்போது சாப்பாட்டுக்கே கடன் சொல்கிறார்கள். மண்வெட்டி விற்றவனும் பன்றிக்கறி வறுத்துப் போட்டவளும்தான் இந்தத் தங்கத்தில் காசு பார்த்தார்கள். உனக்குக் கணக்கு நன்றாக வரும், நீயே போட்டுப் பார்.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள். அங்கே அம்மை என்று கேள்விப்பட்டேன், கண்ட வீட்டுப் பக்கம் போகாதே. இரவில் வெளியே சுற்றாதே. ஆகஸ்டில் ஹிக்காக் என்ற ஆளைச் சீட்டாடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து சுட்டார்களாமே. சுட்டவனை அங்கிருப்பவர்களே கூடி விசாரித்து விட்டும் விட்டார்களாம். என்ன ஊர் அது! 1868-ல் அரசாங்கமே சியூ செவ்விந்தியர்களுக்கு என்று எழுதிக் கொடுத்த மலைதானே அது. கொடுத்ததைப் பிடுங்கினால் அவர்கள் சும்மா இருப்பார்களா? ஜூனில் நம் ராணுவத்துத் தளபதி கஸ்டரையும் அவர் ஆட்களையும் அவர்கள் கொன்றதைக் கேட்டதிலிருந்து, கதவு தட்டும் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

வெட்டுக்கிளி வந்த வருஷம் உனக்கு மண் மேலேயே வெறுப்பு வந்தது. வெங்காயப் பாத்தியில் நாம் போர்த்திய போர்வையையும் அல்லவா தின்றுவிட்டுப் போயிற்று! அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் 160 ஏக்கரையும் அப்படியே போட்டுவிட்டுப் போனவன் நீ. அரசாங்கம் கொடுத்த நிலம் நம் பேருக்கு ஆக வேண்டும் என்று, உன் அப்பாவுக்குப் பிறகு நான் இங்கேயே கிடந்து ஐந்து வருஷத்தை முடித்தது எதற்கு? உழ வேண்டாம், சரி. ஹோட்டலைப் பார்த்துக்கொள். மாதிரிச் சரக்கு விரித்துக் காட்ட வியாபாரிகள் தனி அறை கேட்கிறார்கள். ஒரு அறை சேர்த்துக் கட்ட வேண்டும். எனக்கு ஆள் இல்லை.

அப்பாவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? தினமும் சாவி கொடு.

போன வாரம் டெட்வுட்டிலிருந்து ஒரு ஆள் வந்தான். வாடகைக்குக் காசில்லை, வெள்ளிக் கடிகாரம் ஒன்றை மேஜையில் வைத்தான். மூடியில், கோதுமை வண்டி கவிழ்ந்த அன்று விழுந்ததே, அதே மாதிரி ஒரு நெளிவு. சீட்டில் ஜெயித்தது என்றான். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. வாடகையைக் கழித்துக்கொண்டு, மேலே கொஞ்சம் பணமும் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

இரவில் வெளியே சுற்றாதே. இதோடு 10 டாலர் வைத்திருக்கிறேன்; வழிச்செலவுக்குத்தான், வேறெதற்கும் இல்லை. பனி இறங்குவதற்குள் புறப்படு. ஸிட்னி வந்ததும் ஒரு தந்தி அடி, ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அம்மா