பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு: புட்டியை எடுப்பதற்கு முன்னால்

டாக்டர்களுக்கும் நர்ஸ் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

என் மகன் சிசேரியனில் பிறந்தவன். மூன்றாவது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு விடாமல் அழுதான். தையல் வலியில் எனக்கு ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியவில்லை. மார்பில் வைத்தால் நான்கு தடவை சப்புவான், விட்டுவிட்டு மறுபடி அழுவான். ட்யூட்டியில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "உங்களுக்குப் பால் பத்தலம்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் பவுடர் பால் புட்டியில் வந்தது. அவன் குடித்துவிட்டுத் தூங்கினான். எனக்குத்தான் விடியும்வரை தூக்கமில்லை. பால் பத்தலை, பால் பத்தலை என்று அதே நினைப்பு.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வார்டு முழுவதற்கும் அவர் ஒருவர்தான். ஆனால் என் பிள்ளைக்கு என்ன பால் கொடுப்பது என்பதை அந்த ராத்திரியின் அசதிதான் முடிவு செய்தது. அது என்னை இன்றும் உறுத்துகிறது.

காலையில் வந்த சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது நிமிஷம் நகரவில்லை. என் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார். தையல்மேல் பாரம் விழாதபடி பிள்ளையைக் கக்கத்துக்கு அடியில் கிடத்தினார். "அவசரப்படாதீங்க, வாயைப் பெருசாத் திறக்கட்டும்." கொட்டாவி விடுகிற மாதிரி அவன் வாயைத் திறந்ததும் சட்டென்று அணைத்து வைத்தார். மோவாய் மார்பில் பதிந்தது. கீழுதடு வெளியே மடங்கியது. காம்பை மட்டும் கடிக்காமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வினான். அதுவரை சுரீரென்று இருந்த வலி நின்றது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம், விழுங்குகிற சத்தம். "கேக்குதா?" என்றார். கேட்டது. அழுதுவிட்டேன்.

முதல் சில நாள் வருவது சீம்பால், அளவு குறைவாகத்தான் இருக்கும், ஆரோக்கியமாகப் பிறந்த பிள்ளைக்கு அதுவே போதும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பால் நிறையச் சுரக்க ஆரம்பிப்பதற்கு இரண்டிலிருந்து நான்கு நாள் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு. முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும். பத்தில் ஒரு பங்கை நெருங்கினால்தான் உடனே கவனிக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும்.

இதையெல்லாம் செக்கப்புக்கு வந்த மாதங்களிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பால் கொடுக்க உதவுவதற்காக 1989-இல் வெளியிட்ட பத்து வழிமுறைகளில் இது இருக்கிறதே. கர்ப்பக் காலத்திலேயே பேசுங்கள், பிறந்ததும் கூட இருந்து உதவுங்கள், மருத்துவக் காரணம் இல்லாமல் வேறு எதுவும் கொடுக்காதீர்கள் என்கிறது. மருத்துவக் காரணம் இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். அப்போதும் அந்தக் காரணத்தை எங்களிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற வேண்டியிருந்தது, தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே இரண்டு பேர் அவரைக் கடிந்துகொண்டார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை பவுடர் பால் கலக்க யாரும் கற்றுத்தரவில்லை. பவுடரில் கிருமி இருக்கலாம், அதனால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கலந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருந்ததைக் கொட்டிவிட வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவைவிடத் தண்ணீரைக் கூட்டினால் பிள்ளைக்குச் சத்து போதாது. இது தெரியாமல் வீட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? பால் பவுடர் விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 1981-இல் வந்த சர்வதேச விதிமுறைகூட, தேவைப்படுகிற அம்மாவுக்கு மருத்துவப் பணியாளர்கள் கலக்கும் முறையைச் செய்துகாட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியும். நிர்வாகத்திடம் ராத்திரி ட்யூட்டிக்கு இன்னும் ஒருவரைக் கேளுங்கள். நாங்களும் எழுதிக் கேட்கிறோம். அதுவரை, நடுராத்திரியில் ஒரு பிள்ளை அழுதால், புட்டியை எடுக்கப் போகும் முன் அந்த அம்மாவிடம், "நீங்க என்ன கொடுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று ஒரு தடவை கேளுங்கள். ஸ்டூல் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வார்டில் படுத்திருந்த ஓர் அம்மா