அழுக்கு எங்கே போகிறது என்று பார்த்து வாங்கு, பாப்பா

வேலூர்
பங்குனி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. தினமும் காலையில் நம் நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் அரை மணி நேரம் நடக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே சௌக்கியம்தானே?

குளத்தைத் தானாகச் சுத்தம் செய்யும் மெஷினை டெக்சாஸிலிருந்தே வாங்கி அனுப்புகிறேன், எந்த மாடல் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாய். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் பேச்சு பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். நிதானமாகப் படி, மாப்பிள்ளையிடமும் காட்டு.

நான் நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு குளத்தின் ஓரத்தில் குனிந்து நிற்பதை வீடியோவில் பார்த்து நீ பயந்துபோனாய் என்று அம்மா சொன்னாள். உன் பயம் நியாயம்தான். ஈர டைல்ஸ் மேல் என் வயதில் அப்படி நிற்கக் கூடாது. மெஷின் வாங்குவோம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்பதில் நான் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தபோது நாங்கள் செய்தது அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரித்தெடுக்கும் இஎஸ்பி என்ற கருவி. சாம்பலைப் பிடிப்பது பாதி வேலைதான். பிடித்த சாம்பல் எங்கே போய்ச் சேருகிறது, அதை எப்படி வெளியே எடுப்பது என்பது மீதிப் பாதி. நீ அனுப்பிய விளம்பரப் படங்களைப் பார்க்கும்போதும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. மெஷின் சுவரில் ஏறுவதை அழகாகக் காட்டுகிறார்கள். வாரிய அழுக்கு எங்கே போகிறது என்பதைத்தான் நாம் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த மெஷின்களில் மூன்று வகை. முதல் வகை சக்‌ஷன். குளத்தின் பம்பு இழுக்கிற இழுப்பிலேயே தரையில் நகர்ந்து போகும். நம் குளத்தில் பம்புக்குப் போகிற வேக்குவம் பாயிண்ட் என்ற துளை இருக்கிறது, அதில் ஹோஸை மாட்டினால் ஓட ஆரம்பித்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஃபெர்டினாண்ட் ஷோவியே என்ற இன்ஜினியர் 1974-ல் கொண்டுவந்த கிரீப்பி கிராலிதான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. எனக்கு அந்த யோசனை மேல் மரியாதை உண்டு. உள்ளே மோட்டார் கிடையாது, கரண்ட் ஒயர் தண்ணீருக்குள் போவதில்லை, விலையும் குறைவு. கடைக்காரர்கள் முதலில் இதைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் அழுக்கு எங்கே போகிறது பார். நேராகப் பம்பின் கூடைக்கு, அங்கே தங்காதது மணல் ஃபில்டருக்கு. இந்த மாசி, பங்குனியில் வேப்பமரம் இலை உதிர்க்கிற வேகம் உனக்குத் தெரியும். அந்த ஒல்லி இலையும் ஈர்க்குச்சியும் பம்புக் கூடையில் பின்னிக்கொண்டு அடைத்துவிடும். நடுவில் இலை பிடிக்க ஒரு டப்பா வைக்கலாம், அதில் இலைப் பிரச்சினை தீரும். மண் பிரச்சினை தீராது. ஊசூர்ப் பக்கத்துச் செம்மண் தூசி மாவு மாதிரி மெல்லிசு. அது நேரே மணலுக்குள் போய் உட்காரும். ஃபில்டர் மேல் இருக்கும் பிரஷர் கேஜ், சுத்தமாக இருக்கும்போது காட்டியதைவிட எட்டு பத்து பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் பண்ண வேண்டும், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவ வேண்டும். ஒரு பேக்வாஷுக்கு ஐந்நூறு லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். காற்று அடிக்கிற மாதங்களில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

அந்த ஐந்நூறு லிட்டரை யார் தருவது? நம் குளம் எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 38,000 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கிறது. கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலே 160 லிட்டர் போய்விடும். அதற்கே போர்வெல் மோட்டாரைப் போட வேண்டும். போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக வருகிறது. தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு ஆவியாகாது. ஊற்ற ஊற்ற டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் படிவம்தான் ஏறும். தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றைச் சொல்லியே வளர்ந்த ஊர் இது. 2021 நவம்பரில் அது கரை தொட்டு ஓடியபோது ஊரே பாலத்து மேல் போய் நின்று பார்த்தது. தோல் பதனிடும் கழிவால் இந்த ஆற்றோரத்துக் கிணறுகள் கெட்டுப்போய், அசுத்தம் செய்தவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் வைத்துக்கொள்கிறோம் என்றால், நிரப்பிய தண்ணீரை வருஷக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். அம்மாவின் காலுக்காகத்தான் கட்டினோம். இருந்தாலும் பக்கத்து நிலத்துக்காரர்களின் போரும் நம்முடையதும் அடியில் ஒரே தண்ணீரைத்தான் இழுக்கின்றன. அந்த நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

இரண்டாவது வகை பிரஷர் கிளீனர். பம்பு தள்ளுகிற தண்ணீரின் வேகத்தில் ஓடும், குப்பையைத் தன் பையிலேயே சேர்த்துக்கொள்ளும். பெரிய இலைக்கு அருமையானது. ஆனால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பைப் லைனும், அழுத்தத்தைக் கூட்ட பூஸ்டர் பம்பும் வேண்டும். கட்டி முடித்த குளத்தின் டைல்ஸை உடைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதை விட்டுவிடுவோம்.

மூன்றாவதுதான் ரோபோ. நமக்கு இதுதான். குளத்துப் பம்போடு இதற்குச் சம்பந்தமே இல்லை. சொந்த மோட்டார், சொந்த பிரஷ், சொந்த ஃபில்டர். வாரிய மண்ணும் இலையும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் தட்டி, ஒரு வாளித் தண்ணீரில் கழுவினால் முடிந்தது. ஐந்நூறு லிட்டர் எங்கே, ஒரு வாளி எங்கே! மணல் ஃபில்டருக்குச் சுமை குறைவதால் பேக்வாஷும் தள்ளிப்போகும்.

கரண்ட் மிச்சம் என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. ரோபோ இரண்டு இரண்டரை மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது, சரி. ஆனால் தண்ணீரைச் சுற்றவிட பம்பு தினமும் நாலு மணி நேரமாவது ஓடித்தான் ஆக வேண்டும், அதைக் குறைக்க முடியாது. சக்‌ஷன் மெஷினுக்காகக் கூடுதலாக ஓட்டுகிற நேரம்தான் மிச்சம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடுகிற நம் ஊர்க் கணக்கில் அந்த மிச்சமும் நல்லதுதான். ஆனால் நான் ரோபோ கேட்பது கரண்டுக்காக இல்லை, தண்ணீருக்காக.

இனி எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் பிரஷ். உங்கள் பக்கம் பெரும்பாலும் சிமென்ட் பூச்சுக் குளம், பிவிசி பிரஷ் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். நம்முடையது வழவழப்பான டைல்ஸ். பிவிசி வழுக்கும். ஸ்பாஞ்ச் போன்ற பிரஷ் போட்ட மாடல்தான் இங்கே சுவர் ஏறும். சுவர் ஏறுவது நமக்கு ஆடம்பரம் இல்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டே எல்லோரும் இறங்குகிறோம், அது தண்ணீர் மட்டத்தில் பிசுபிசுப்பான கோடாகப் படிகிறது. கம்பால் தேய்த்து அது போகாது, உட்கார்ந்து கையால் தேய்க்க வேண்டியிருக்கிறது. அந்த மட்டம் வரை ஏறித் தேய்க்கிற மாடலாகக் கேள்.

அடுத்தது ஃபில்டர். பெரிய கண் வலை இலையைப் பிடிக்கும், செம்மண்ணை விட்டுவிடும். வாரிய மண் மறுபடி புகையாக வெளியே வந்தால் என்ன பிரயோஜனம்? மெல்லிய ஃபில்டர் கூடவே வருகிறதா என்று பார். அதை மேலிருந்து திறந்து எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். சிலவற்றில் மெஷினையே கவிழ்த்து அடியில் திறக்க வேண்டும். எட்டு, பத்து கிலோ எடையைத் தண்ணீரோடு தூக்கிக் கவிழ்ப்பது எங்களால் ஆகாது. வாங்கும் விஷயத்தில் எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். உன் கையில் சுலபமாக இருப்பது அம்மாவின் கையில் எப்படி இருக்கும் என்று யோசி.

வைஃபை, போன் ஆப் எதுவும் வேண்டாம். செவ்வகக் குளத்துக்கு ஒரு டைமர் போதும். ஒயர் 15 மீட்டர் இருந்தால் போதும், அதற்கு மேல் இருந்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒயர் முறுக்கு அவிழ்கிற சுவிவல் இருந்தால் நல்லது. நம் குளத்தின் தரையில் தண்ணீர் வெளியேறும் மெயின் டிரெயின் மூடி கொஞ்சம் மேடாக இருக்கிறது, சில ரோபோ அதில் ஏறி மாட்டிக்கொள்ளும். அதனால் நம் குளத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

இப்போது அங்கிருந்து ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேள். உங்கள் ஊர் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. ரோபோவுக்குள் போவது முப்பது வோல்ட்டுக்குள்தான், ஆனால் அதைக் குறைத்துத் தருகிற பவர் பாக்ஸ் 120-க்கு மட்டும் செய்ததாக இருந்தால் இங்கே மாட்டிய நிமிஷமே போய்விடும். கன்வெர்ட்டர் போடலாமே என்பாய். தண்ணீருக்குப் பக்கத்தில் ஒட்டுப்போட்ட வேலை எதையும் நான் வைக்க மாட்டேன்.

ஒயரே இல்லாத பேட்டரி மாடலை லக்கேஜில் கொண்டுவரலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாய். லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை விமானத்தில் விடுவார்கள், அதற்கு மேல் 160 வரை ஏர்லைன்ஸின் அனுமதி வாங்க வேண்டும், 160-ஐத் தாண்டினால் பயணிகள் கொண்டுவரவே முடியாது. பெரிய ரோபோக்களில் பேட்டரி அதைத் தாண்டுவது உண்டு. ஏர்போர்ட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் அலைய வேண்டாம். அதோடு, வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் நாற்பது டிகிரி தாண்டும்போது அந்த பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்? மாற்று பேட்டரிக்கு நான் யாரிடம் போவது? ஒயர் உள்ளதே போதும். அங்கே வாங்கிய வாரன்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. பிரஷும் பெல்ட்டும் ஃபில்டரும் சென்னையிலாவது கிடைக்கிற மாடலை இங்கேயே வாங்கினால், ரிப்பேர் என்றால் 140 கிலோமீட்டரில் ஆள் இருப்பார். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். பவர் பாக்ஸுக்குக் குளத்தின் ஓரத்திலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி, நிழலில் தனி பிளக் பாயிண்ட் வைக்கிறார். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற முப்பது மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் எர்த்தும் போட்ட பிறகுதான் மெஷின் வீட்டுக்குள் வரும். ரோபோ தண்ணீருக்குள் இருக்கும்போது ஒருவரும் இறங்கக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வை. சின்னவன் அதைப் பொம்மை என்று நினைத்துக் குதித்துவிடுவான்.

ரோபோ வந்துவிட்டால் எல்லா வேலையும் தீர்ந்தது என்று நினைக்காதே. மிதக்கிற இலையை அது எடுக்காது, அதற்குத் தண்ணீர் மட்டத்துக் குப்பையை இழுக்கிற ஸ்கிம்மரும் வலைக் கரண்டியும்தான். படிக்கட்டை யாராவது தேய்க்க வேண்டும். குளோரின் ஒன்றிலிருந்து மூன்று பிபிஎம், பிஎச் 7.2-லிருந்து 7.8, இதை நான்தான் பார்க்க வேண்டும், பார்ப்பேன். வேப்பமரத்தின் ஒரு கிளையைக் கழித்தால் பாதி இலை குறையும் என்று பூல்காரர் சொன்னார். அம்மா அதைத் தொட விடமாட்டாள். எனக்கும் மனசு வரவில்லை.

அதனால் நீ மெஷினை ஆர்டர் பண்ண வேண்டாம், பாப்பா. பணமாக அனுப்பு. சென்னையிலிருந்து ஆள் வந்து ஓட்டிக் காட்டட்டும், அம்மா தன் கையால் ஃபில்டரை எடுத்துப் பார்க்கட்டும், அவளுக்குச் சரியென்று பட்டால் வாங்கிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் மாடல் நம்பரை உனக்கு அனுப்புகிறேன், மாப்பிள்ளை ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், டிக்கெட் போட்டதும் தேதியை எனக்குச் சொல். நீங்கள் வருவதற்கு முன்னால் தண்ணீரை டெஸ்ட் பண்ணித் தயாராக வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா