பட்டா நகல் இதோடு இருக்கிறது

ஏற்காடு
டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ கேட்ட பட்டா, சிட்டா நகல் இரண்டும் இந்தக் கவரில் இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரமாகப் போன் எடுத்தால் "வேலையா இருக்கேம்மா" என்கிறாய். சாப்பிட்டாயா என்றாலும் அதே பதில்தான்.

காபி இரண்டாம் சுற்றுப் பறிப்பு முடிந்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் காபி விலை ஒரு பவுண்டு எடைக்கு 4 டாலரைத் தாண்டியதிலிருந்து மலையே பரபரக்கிறது. செடியில் காய் நிற்கும்போதே வியாபாரிகள் அட்வான்ஸ் நீட்டுகிறார்கள். அட்வான்ஸ் வாங்கியவனால் பழுக்கும்வரை பொறுக்க முடியாது, கிளையோடு உருவிவிடுகிறான். பச்சைக்காய், பழத்தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷினில் கழலாமல் நசுங்கும். அந்தத் தோல் தொட்டியில் கலந்தால் நல்ல பருப்பிலும் வாடை ஏறும். உருவுகிற வேகத்தில் கணு அடிபட்டு அடுத்த வருஷப் பூவும் குறையும். இந்த வருஷம் 10 கிலோ கூடுதலாகக் கிடைக்கும் என்று வரும் வருஷத்தையும் சேர்த்துப் பறித்துக்கொள்கிறார்கள்.

நம் தோட்டத்தில் நாள் கூலிதான். கிலோவுக்குக் கூலி என்றால் யாராக இருந்தாலும் உருவத்தான் செய்வார்கள், ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. 12 நாளுக்கு ஒரு சுற்று, சிவந்தது மட்டும். அன்றைய பழம் அன்று மாலைக்குள் பல்ப்பருக்கு. இந்தக் குளிருக்குத் தொட்டியில் புளிக்க 24லிருந்து 36 மணி நேரம். கையில் அள்ளி அழுத்தினால் கொழகொழப்புப் போய் மணல் மாதிரி நறநறக்க வேண்டும், அதற்கு முன்னால் கழுவக் கூடாது. களத்தில் 4 செ.மீ. கனத்தில் பரப்பி அடிக்கடி கிளறினால் 7லிருந்து 10 நாளில் ஈரம் 10 சதவீதத்துக்கு வரும். 100 கிலோ பழத்துக்கு 20 கிலோ பார்ச்மெண்ட், அதாவது உள்தோலோடு காய்ந்த பருப்பு, தேறும், அவ்வளவுதான்.

படித்து வேலைக்குப் போன முதல் பிள்ளை நீ. இந்தக் கணக்கை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தோன்றும். நாகலூர்ப் பக்கம் 30 ஏக்கர்க்காரர் ஒருத்தர் டிசம்பரிலேயே எல்லாச் சாக்கையும் விற்றுவிட்டார், வட்டி நெருக்குகிறது. 2 ஏக்கர்க்காரர் ஒருத்தர் மார்ச் வரை சாக்கை அசைக்க மாட்டார். நான் இவரைத்தான் பணக்காரர் என்பேன்.

வட்டியைக் கணக்குப் போட்டுப் பார், தம்பி. மாதம் நூற்றுக்கு 2 என்றால் சின்னதாகத் தெரியும். கட்டாமல் விட்டு முதலோடு சேர்ந்தால் 35 மாதத்தில் கடன் இரண்டு மடங்கு. 3 வட்டி என்றால் 24 மாதம் போதும். இன்று நட்ட காபிச் செடி முதல் காய் பிடிக்கவே 3 வருஷம் ஆகும். இந்த மண்ணில் எந்தச் செடியும் அந்த வேகத்துக்கு ஓடாது.

போனில் ஆப்ஷன் டிரேடிங் என்று ஒன்று நடக்கிறதாமே. 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் டிரேடிங் செய்த தனி ஆட்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், ஆளுக்குச் சராசரி 2 லட்சம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே சொல்லியிருக்கிறது. பேப்பரை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நீ அதில் இருக்கிறாய் என்று சொல்லவில்லை. வட்டியை மட்டும் கணக்குப் போட்டுப் பார்.

இன்னொன்று. உன் காலேஜ் ஃபீஸுக்காக மேல்காட்டில் காபிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டினோம் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஃபீஸுக்கு 9 மரம் போதும். 60 மரத்தையும் வெட்டச் சொன்னது நான். அப்பா வேண்டாம் என்றார். அக்காவுக்கு 20 பவுன் என்று பேசி முடித்ததை நான் 35 ஆக்கினேன். மாப்பிள்ளை வீட்டில் கேட்கவில்லை. சித்தி வீட்டில் 30 போட்டிருந்தார்கள், அதுதான் காரணம். நிழல் போய்த் தண்டில் வெயில் விழுந்தால் தண்டுத் துளைப்பான் வண்டு தேடி வரும், பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டச் சொன்னேன். தண்டில் மேடு தட்டிய செடிகளை மார்ச்சிலும் செப்டம்பரிலும் பிடுங்கிப் பிடுங்கி, 3 வருஷத்தில் 400 செடி எரித்தோம். லீவுக்கு வந்த நீ அந்த நெருப்பைப் பார்த்து "எல்லாம் என்னாலதான்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

உன்னால் இல்லை, கண்ணு. 9 மரம் போயிருந்தால் காட்டில் வெயிலே தெரிந்திருக்காது. அதை ஈடுகட்டத்தான் அவசர அவசரமாக எதையோ செய்கிறாய் என்றால், அந்தக் கடன் உன்னுடையது இல்லை. மேல்காட்டில் கல்யாண முருங்கைக் கம்பு ஊன்றி நிழல் பிடித்துவிட்டோம். மறுபடி வைத்த ஓக்கில் மிளகுக்கொடி ஏறிவிட்டது.

பார்ச்மெண்ட் 6 சாக்கு காய்ந்து கட்டி வைத்திருக்கிறது. மார்ச் வரை வைக்கலாம் என்று இருந்தேன். நாளைக்கே எடை போடச் சொன்னாலும் போடுகிறேன். எவ்வளவு என்று மட்டும் சொல். அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ராத்திரி 8 மணிக்கு மேல் களத்துப் பக்கம் டவர் கிடைக்கும், அங்கேதான் நிற்பேன்.

அம்மா