பழைய தீட்டுக்கற்களைச் சிமெண்டுத் தரையில் தேய்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் சேகரிப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், சவரக்கத்திக்கான இயற்கைத் தீட்டுக்கற்களுக்கும் இரண்டு பத்திகள் ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இக்கற்களைத் தேடி வாங்கி, ஒவ்வொன்றிலும் கத்தி தீட்டி, அந்தக் கத்தியால் என் முகத்தைச் சவரம் செய்து பார்த்து வருபவன் என்ற முறையில், அக்கட்டுரை சொல்லும் இரண்டு செய்திகளைத் திருத்தியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். பழைய கல் கிடைத்தால் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் சிமெண்டுத் தரையில் வெளுக்கும் வரை தேய்க்க வேண்டும் என்பது ஒன்று. கல்லின் நிறத்தையும் அதில் ஒட்டியிருக்கும் சீட்டையும் பார்த்தே அது எத்தனையாம் எண் கல் என்று சொல்லிவிடலாம் என்பது மற்றொன்று. முதல் அறிவுரை கல்லைக் கெடுக்கும். இரண்டாவது வாங்குபவரை ஏமாற வைக்கும்.

எண் என்பது ஆலையில் செய்த கல்லுக்கு உரியது. அங்கே உராயும் பொருளைத் தரம் பிரித்து, ஏறக்குறைய ஒரே அளவுள்ள துகள்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். எண் கூடக் கூடத் துகள் நுண்ணியது. ஆகவே ஆயிரம் எண், எட்டாயிரம் எண் என்று சொல்வதற்குப் பொருள் உண்டு. மலையில் விளைந்த கல்லை யாரும் சலித்துத் தரவில்லை. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியெல்சால்ம் ஊரைச் சுற்றி வெட்டியெடுக்கப்பட்ட கோட்டிக்யூல் என்னும் வெளிர்மஞ்சள் கல்லை எடுத்துக்கொள்வோம். அதில் எஃகை உராய்வது, நாம் மோதிரத்தில் பதிக்கும் கோமேதகத்தின் இனத்தைச் சேர்ந்த, மாங்கனீசு மிகுந்த கார்னெட் படிகங்கள். அவற்றின் குறுக்களவு ஏறத்தாழ 5 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இந்த அளவை மட்டும் வைத்து எண் கொடுத்தால், தொடக்கத் தீட்டலுக்கான கல் என்றுதான் முடிவு செய்ய நேரிடும். ஆனால் ஐரோப்பிய நாவிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சவரக்கத்திக்கு இறுதிப் பதம் ஏற்றியது இதே கல்லில்தான். அந்தப் படிகங்கள் பல முகங்கள் கொண்டு உருண்டையை ஒத்திருப்பதும், மென்மையான அப்பிரகத் தளத்தில் பெரும்பகுதி புதைந்து கிடப்பதும் அதற்குக் காரணம். வெளியே துருத்தி நிற்கும் சிறு பகுதி மட்டுமே எஃகைத் தொடுவதால் கீறல் ஆழமாக விழுவதில்லை.

அதோடு, இக்கல்லின் வேகம் தீட்டுபவரின் கையில் இருக்கிறது. கல்லின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதே வகைக் கல்லின் சிறு துண்டால் சந்தனம் இழைப்பது போல் இழைத்தால் பால் போன்ற குழம்பு எழும். குழம்பில் படிகங்கள் விடுபட்டுப் புரள்வதால் கத்தி விரைவாகத் தேயும். ஆனால் அந்தக் குழம்பே கத்தியின் வாயைச் சற்று மழுக்கவும் செய்யும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் குழம்பை நீர்க்கச் செய்துகொண்டே போய், கடைசியில் தெளிந்த தண்ணீரில் மட்டும் தீட்டி முடித்தால், கன்னத்தில் உறுத்தாத பதம் கிடைக்கும். அரைமணி நேரத்துக்குள் முரட்டுக் கல்லாகவும் நுண்கல்லாகவும் வேலை செய்யும் இப்பொருளுக்கு எந்த எண்ணை எழுதுவது?

சீட்டின் கதையும் இதைப் போன்றதே. ஜெர்மனியின் தூரிங்கியாப் பகுதியில், ஸ்டைனாக், சோனபெர்க் ஆகிய ஊர்களின் பக்கத்தில் எடுக்கப்பட்ட பலகைக்கல் (சிலேட்டு) வகைத் தீட்டுக்கற்களை எஷர் நிறுவனத்தார் அழகான சீட்டு ஒட்டிப் பல நாடுகளுக்கு அனுப்பினர். கருநீலம், நீலப்பச்சை, இளம்பச்சை, மஞ்சள்பச்சை என்று கல்லின் நிறத்தைக் குறிக்கும் சிறு சீட்டையும் அதன் முனையில் காணலாம். அந்நிறுவனம் இன்று இல்லை. ஆகவே சீட்டுள்ள கல்லின் விலை சீட்டில்லாததைப் போலப் பல மடங்கு ஏறிவிட்டது. என்னிடம் ஒரே சீட்டு, ஒரே நிறத்தில் இரண்டு எஷர் கற்கள் உள்ளன. ஒன்றில் இருபது இழுப்பில் முடியும் வேலை மற்றொன்றில் ஐம்பதைத் தாண்டுகிறது. சீட்டு, விற்றவர் யார் என்பதற்குச் சாட்சி. கல் எப்படித் தீட்டும் என்பதற்கு அது சாட்சியாகாது. சீட்டை அச்சிட்டு ஒட்டுவதும் இன்று எளிது. இருந்தாலும் உண்மையான பழைய சீட்டு ஒரு தொழிலின் ஆவணம். அதைத் தண்ணீரில் கரையவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அமெரிக்காவின் ஆர்கன்சாக் கல்லுக்கோ குழம்பே கிடையாது. வாஷிடா மலைத்தொடரில் கிடைக்கும் இக்கல், ஏறக்குறைய முழுவதும் நுண்ணிய குவார்ட்சு மணிகளால் ஆனது. இதன் புவியியல் பெயரான நோவாகுலைட் என்பதே, சவரக்கத்தியைக் குறிக்கும் நோவாகுலா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆர்கன்சாப் புவியியல் ஆய்வுத்துறையின் 1890ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் ஒரு தொகுதியை எல். எஸ். கிரிஸ்வோல்ட் இக்கற்களுக்கென்றே எழுதினார். மென்மையானது, கடினமானது, கறுப்பு, ஒளி ஊடுருவுவது என்று வகை பிரித்தாலும் மணிகளின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மணிகள் எவ்வளவு நெருங்கி அமைந்துள்ளன என்பதே வேறுபாடு. ஆகையால் இவ்வகைக்கு மட்டும் தராசு உதவுகிறது. கல்லைக் காற்றில் ஒரு முறையும், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு முறையும் நிறுத்து அடர்த்தியைக் கணக்கிட்டால், நெருக்கமான கல் எது என்பது தெரிந்துவிடும். ஆனால் கடினமான ஆர்கன்சாக் கல் எப்படித் தீட்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதன் மேற்பரப்பு. புதிதாகத் தேய்த்த பரப்பு வேகமாக அரிக்கும். பல ஆண்டுகள் கத்தி ஓடி மெருகேறிய பரப்பு எஃகை மினுக்கும். அந்த மெருகைச் சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டால், அதைத் திரும்பக் கொண்டுவர மிக நீண்ட உழைப்பு வேண்டும்.

சுத்தம் செய்வதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். எந்தக் கல் என்று தெரியும் வரை, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். கோட்டிக்யூல் நரம்புகள் மிக மெல்லியவை என்பதால், பல கற்களில் மஞ்சள் பலகையின் அடியில் கரிய பலகைக்கல்லை ஒட்டியிருப்பார்கள். மண்ணெண்ணெயில் ஊறினால் அந்தப் பழைய பசை விட்டுப்போகக்கூடும். பலகைக்கல் வகையோ அடுக்கடுக்காகப் பிரியும் அபாயம் உண்டு. எண்ணெய் இறுகிப்போன ஆர்கன்சாக் கல்லுக்கு மட்டுமே கட்டுரையாளர் சொன்ன மண்ணெண்ணெய் பொருந்தும். சீட்டு இருந்தால், தண்ணீர் படுவதற்கு முன் அதன் மேல் மெல்லிய வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். நடுவில் குழிந்த கல்லைச் சமன்படுத்தத்தான் வேண்டும். அதற்குத் தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் தண்ணீரில் பயன்படும் உப்புத்தாளை விரித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, அக்கோடுகள் எல்லா இடத்திலும் மறையும் வரை தேய்த்து, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சிமெண்டுத் தரை சமமானதன்று. அதிலுள்ள மணல் கல்லின் முகத்தில் பள்ளம் பறிக்கும். மூன்று மில்லிமீட்டர் கனமே மிஞ்சியிருக்கும் மஞ்சள் பலகையில் ஒரு மில்லிமீட்டரை இழப்பது எத்தகைய நட்டம் என்பதை விளக்கத் தேவையில்லை.

சோதனைக்கு நான் எப்போதும் ஒன்றையொன்று ஒத்த அதே இரண்டு கத்திகளைத்தான் பயன்படுத்துகிறேன். அவை நேரான வாயும் தேயாத முதுகும் உள்ள, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய கத்திகள். சவரக்கத்தியில் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிவதால், தீட்டும் கோணம் கத்தியின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கத்தியை மாற்றினால் கோணமும் எஃகும் மாறி, எது கல்லின் குணம் எது கத்தியின் குணம் என்று பிரிக்க முடியாமல் போகும். முதலில் ஒரு கண்ணாடிக் குவளையின் அடியில் வாயை ஒரு முறை மெல்ல இழுத்து, பழைய கூரை முழுவதும் போக்கிவிடுவேன். பிறகு ஆயிரம் எண் ஆலைக் கல்லில் இருபுறச் சரிவுகளும் வாயில் வந்து கூடும் வரை தீட்டி, அதன் பின்னரே சோதிக்க வேண்டிய கல்லுக்கு வருவேன். இந்த முன்வேலையைச் செய்யாமல், ஏற்கெனவே கூராக இருந்த கத்தியைப் புதிதாக வாங்கிய கல்லில் பத்து இழுப்பு இழுத்துவிட்டு, கல் அருமை என்று புகழ்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் புகழ்வது முந்தைய கல்லை.

சோதனைக் காலத்தில், தீட்டிய கத்தியை இழுத்துப் பதப்படுத்தும் தோல் வாரில் குரோமியம் ஆக்சைடு போன்ற மெருகூட்டும் பசை எதையும் தடவக் கூடாது. பசை தந்த கூர், கல் தந்த கூரை மறைத்துவிடும். தொங்கவிட்ட தலைமுடியை அறுத்துப் பார்ப்பதை நான் முதற்கட்டச் சோதனையாக மட்டுமே கொள்கிறேன். முடியின் பருமனைப் பொறுத்தும் அது குளித்த முடியா காய்ந்த முடியா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறுகிறது. 10 மடங்கு உருப்பெருக்கியில் வாயில் பிசிறு இல்லை என்று கண்ட பிறகு, இரண்டு கற்களில் தீட்டிய அந்த இரண்டு கத்திகளையும் எடுத்து, வலக்கன்னத்துக்கு ஒன்றும் இடக்கன்னத்துக்கு ஒன்றுமாகச் சவரம் செய்து, மறுநாள் கன்னங்களை மாற்றிக்கொள்வேன். எந்தக் கத்தி எந்தக் கல்லில் தீட்டப்பட்டது என்பதை என் மனைவி குறித்து வைத்துக்கொள்வார். வாரம் முடியும் வரை எனக்குச் சொல்ல மாட்டார்.

இந்த முறையைக் கைக்கொண்ட பிறகுதான் என் சேகரிப்பைப் பற்றிய என் எண்ணமே மாறியது. மகளைப் பார்க்க பிரஸ்ஸல்ஸ் சென்றிருந்தபோது, மரோல் பகுதியின் பழம்பொருள் சந்தையில், துருப்பிடித்த சாவிகளுக்கு நடுவே ஒரு மூலை உடைந்த, சீட்டில்லாத மஞ்சள் கல்லைக் கண்டேன். அதன் அடியில் நீலநிறப் பலகைக்கல் பசையில்லாமல் இயற்கையாகவே இணைந்திருந்தது. உடைந்த கல் என்பதால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. நான்கு வாரச் சோதனையில், அதைப் போலப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய சீட்டுள்ள எஷர் கல்லைவிட இதையே என் கன்னங்கள் மூன்று வாரம் தேர்ந்தெடுத்தன. இது என் தோலுக்கும் என் கைக்கும் கிடைத்த முடிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் கையில் எஷர் வெல்லக்கூடும்.

ஞாயிறு இணைப்பைப் படித்துவிட்டு, பாட்டனார் காலத்துப் பெட்டியிலிருந்து கல்லை எடுத்து மண்ணெண்ணெயில் போட நினைக்கும் வாசகர்கள் இருக்கலாம். ஆகவே இடமில்லாவிட்டால் மற்றவற்றைச் சுருக்கிக்கொண்டாலும், சுத்தம் செய்வதைப் பற்றிய பகுதியை மட்டுமாவது வரும் ஞாயிறன்றே வெளியிட வேண்டுமென்று தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்